நான் எழுதாத நாலாம் பக்கம்

எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்க வராது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவளுக்கு எங்கள் கல்லூரியின் படைப்பிலக்கிய வகுப்பு வைத்த சட்டத்தைப் பாருங்கள். ஒருவர் கதையை மற்ற பதினான்கு பேரும் அலசும்போது, எழுதியவர் மூச்சு விடக் கூடாது. கதையில் அவர் பெயரும் இருக்காது. வாயைத் திறந்தால் அந்தக் கதை கணக்கில் இல்லை.

இறுதியாண்டில் அந்த வகுப்புக்கு ஆறே இடம். யாருக்கு என்பதை இந்த ஒரு கதையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கிடைக்காவிட்டால் இலக்கிய வரலாற்றை மனப்பாடம் செய்துகொண்டு கிடக்க வேண்டும். செத்தாலும் மாட்டேன் என்று வீட்டில் சபதம் போட்டிருந்தேன்.

கதைக்கு நான் எடுத்துக்கொண்டது என் அக்காவை. மூன்று வருடம் பழகியவன் ஒரு மத்தியானம் வீட்டுக்கே வந்து, ஒத்துவராது என்று சொல்லிவிட்டுப் போன கதை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து நான்கு பக்கத்துக்கு அழுவாள். தங்கையாகிய நான் ஞானி மாதிரி பேசி அவள் கண்ணைத் துடைப்பேன்.

சிக்கல் என்னவென்றால், கல்லூரியில் நகல் எடுக்கும் அறையில் வேலை பார்ப்பவளே அக்காதான். எல்லோருடைய கதையும் அவள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பதினைந்து பிரதியாகி வகுப்புக்கு வரும். அதனால் கதையில் அவளைக் குட்டையாக்கினேன், கண்ணாடி மாட்டினேன், நர்ஸ் வேலையும் போட்டுக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக ஒரே பெருமை. நகல் எடுத்துவிட்டுப் பென் டிரைவைத் திருப்பித் தந்தபோது அக்கா கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், மரமண்டை எனக்கு.

வகுப்பில் பிரதிகள் கைமாறின. என் கதைதானே என்று நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பேராசிரியை மூன்று பக்கம் உரக்கப் படித்து நிறுத்தியதும் கத்தரி ஆரம்பித்தான். யார் கதையானாலும் பாதியை வெட்டச் சொல்கிறவன், அதனால் அந்தப் பெயர். இவ்வளவு கண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருக்கலாம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். பேராசிரியை நாலாம் பக்கத்துக்குப் போனார்.

அதில் என் வரி ஒன்றுகூட இல்லை. அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, வந்தவனுக்காக வாங்கி வைத்த பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். ஒவ்வொன்றாகத் தின்கிறாள். தங்கை கதவைத் தட்டுகிறாள். ஆறுதல் சொல்ல அல்ல. "அக்கா, எனக்கு மிச்சம் இருக்கா?" கதவு திறக்கிறது. இருவரும் கட்டிலில் உட்கார்ந்து டப்பாவைக் காலி செய்கிறார்கள்.

அன்றைக்கு நடந்தது அதுதான். நான் மறந்தே போயிருந்தேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "இதுல வெட்ட ஒண்ணும் இல்ல" என்றான் கத்தரி. இந்தப் பக்கத்தை எழுதியவருக்கு ஓர் இடம் உறுதி என்றார் பேராசிரியை.

திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை எனக்கு. பேசாமல் இருந்தால் இடம் என்னுடையது. சட்டமே பேசாமல் இருக்கத்தான் சொல்கிறது. ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் அல்லவா? எழுந்து நின்றேன்.

"அந்தப் பக்கம் நான் எழுதல, மேடம். எங்க அக்கா எழுதினது. வாளி வைக்கணும்னானே, அந்த மூணு பக்கந்தான் என்னோடது."

 கதை கணக்கில் இல்லை, ஒரு வாரத்தில் வேறொன்று எழுதிக் கொண்டு வா, நீயே எழுது என்றார் பேராசிரியை.

நேரே நகல் அறைக்குப் போய்க் கத்தினேன். என் கதையில் கை வைக்க நீ யார் என்றேன். என் கதையில் கை வைக்க நீ யார் என்று அவளும் கேட்டாள். இடம் போச்சா என்று கேட்டபோது அவள் குரல் இறங்கியிருந்தது. ஒரு வாரம் தவணை இருக்கிறது என்றேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"நெஜமாவே அன்னிக்கு ரூமுக்குள்ள நீ அழவே இல்லையா?"

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"நீ வந்து கதவத் தட்டுற வரைக்கும் அழுதேன்டி."

அதை எழுதித் தொலைக்காதே என்று உடனே சொன்னாள். அதற்குள் நான் பேனாவைத் தேட ஆரம்பித்திருந்தேன்.