வாசலில் நின்ற வண்டி

காபிக் கூஜாவுடன் இர்யா அந்த மேசையை மறுபடியும் கடந்தாள். டோரீன் கொண்டுவந்த புளூபெர்ரி கேக்கில் இன்னும் கத்தி படவில்லை. பக்கத்திலிருந்த முட்டை சாண்ட்விச்சும் ஏலக்காய் ரொட்டியும் பாதிக்கு மேல் காலி.

சர்ச்சின் கீழ்த்தளக் கூடம் நிறைந்திருந்தது. மேல்தளத்தில் அப்பா வெய்க்கோவுக்கான பிரார்த்தனை முடிந்துவிட்டது. அடக்கம் வசந்தத்தில்தான். நிலம் உறைந்து கிடக்கிறது.

"உங்கப்பன் கடைசி வரைக்கும் டிரைவர் சீட்ட விடலம்மா," என்றார் அப்பாவின் சிநேகிதர் தோய்வோ. குரலைத் தாழ்த்தினார். "அந்த கேக்கப் பாத்தா நாக்கு ஊறுது. உன் தம்பி முறைக்கிறானேன்னுதான் பேசாம இருக்கேன்."

தம்பி கல்லே சுவரோரம் நின்று டோரீனையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் இல்லாத அந்த ஊருக்கு வைத்தியம் பார்ப்பதும் மருந்து எழுதுவதும் நர்ஸ் டோரீன்தான். இலையுதிர்காலத்தில் அவள் கண்ணெதிரிலேயே அப்பாவுக்கு வலிப்பு வந்தது. இவர் வண்டி ஓட்டக்கூடாது என்று அன்றே அரசாங்கத்துக்குத் தெரிவித்துவிட்டாள். சட்டம் அப்படி. லைசென்ஸ் போனது.

அப்பா அவளிடமே போய்ச் சொன்னார்: "ஓட்டத்தானே லைசென்ஸ் வேணும்? உக்கார வேணாமே?"

அதன்பிறகும் சாயங்காலமானால் பிக்கப் வண்டியின் இஞ்சின் உறையாமலிருக்க ஹீட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகுவார். காலையில் பிடுங்கிவிட்டு ஏறி உட்காருவார். வாசலிலேயே இஞ்சினை ஓடவிட்டு ரேடியோ கேட்பார். சாவியை அவரிடம் விட்டுவைத்தது கல்லேதான். வியாழக்கிழமை காலை அந்த சீட்டிலேயே போய்விட்டார்.

கல்லே நகர்ந்தான். டோரீன் இருந்த பக்கம். இர்யா கூஜாவை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"விடுக்கா. இந்த ஊர்ல இனிமே உனக்கு வேலை இல்லன்னு எல்லார் முன்னாடியும் அவகிட்ட சொல்லப்போறேன். அவதான் அப்பாவக் கொன்னது."

"அவ போயிட்டா நாளைக்கு உன் பொண்ணுக்குக் காய்ச்சல்னா எங்க போவ?"

"பனியில நூறு மைல் ஓட்டிட்டுப் போறேன். லைசென்ஸ புடுங்குனதுலேருந்து அவரு ஆளே செத்துட்டாரு. நீதானே சொன்ன, தூக்கத்துல போன மாதிரி இருந்தாருன்னு. மனசு ஒடிஞ்சுதான் போனாரு, அக்கா."

இர்யா குழாயைத் திறந்தாள். மூடினாள்.

"தூங்கின மாதிரி நான்தான் வச்சேன்."

"என்ன?"

"அடுப்படில இருந்தேன். வண்டி கத்துச்சு. ஓடிப்போய்க் கதவத் திறந்தா ஸ்டியரிங் மேல கெடக்கறாரு. வலிப்புல வலது கால் விறைச்சுப்போய் ஆக்சிலேட்டர அடிவரைக்கும் அழுத்திட்டிருந்துது. கியர் பார்க்ல இருந்ததால வண்டி நகரல. சாவிய அணைச்சுட்டு ரெண்டு கையாலயும் அந்தக் காலத் தூக்கி வச்சேன்."

இர்யா கையைத் துணியில் துடைத்தாள்.

"வண்டியோட மூக்கு கேட்ட பாத்து நின்னுச்சுடா. கேட்டுக்கு அந்தாண்ட ஸ்கூல் பஸ். பசங்க ஏறிட்டிருந்தாங்க. லைசென்ஸ் இருந்திருந்தா அந்த நேரம் அவரு கியரப் போட்டுக் கெளம்பியிருப்பாரு."

அவன் உதடு அசைந்தது. "சைமா..."

"கடைசியா ஏறினா. சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா."

அவன் மகள் சைமாவுக்கு ஏழு வயது. அடுத்த வீடு. அப்பா வீட்டு கேட்டில்தான் பஸ் ஏறுவாள்.

இர்யா கூடத்துக்கு வந்து கூஜாவை எடுத்தாள். டோரீன் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பறேன் இர்யா. நான் வந்திருக்கக் கூடாது."

"உக்காருங்க. காபி ஆறிடும்."

கல்லே கத்தியுடன் வந்தான். யாரையும் பார்க்காமல் கேக்கின் நடுவே வெட்டினான். ஒரு துண்டைத் தட்டிலிட்டு தோய்வோவிடம் நீட்டினான்.

"பெரிசா வெட்டுடா," என்றார் அவர்.

வெளிச்சம் மங்குமுன் இர்யாவின் காரில் இருவரும் வீடு திரும்பினார்கள். பிக்கப் வாசலில் நின்றது. சுவர் பிளக்கிலிருந்து அதன் மூக்கு வரை ஆரஞ்சு ஒயர் பனிமேல் கிடந்தது. பழக்கத்தில் நேற்று இர்யாதான் செருகியிருந்தாள்.

கழுவித் துடைத்த டோரீனின் கேக் தட்டு கல்லேயின் மடியில் இருந்தது. அதை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினான். ஒயரை இரு முனையிலும் பிடுங்கினான். உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாக, அப்பா சுற்றுவதுபோலவே, பனியை உதறி உதறிச் சுற்ற ஆரம்பித்தான்.