டீசல்தான் வேணும்

கண்ணுசாமியின் வண்டி புதுக்கோட்டை ஷோரூம் வாசலில் வந்து நின்றதைக் கலைமதி கண்ணாடி வழியாகப் பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முன் அவளே சாவி கொடுத்து அனுப்பிய வண்டி. டீசலில் ஓடும் சின்ன எஸ்யூவி. அவள் விற்ற முதல் வண்டியும் அதுதான். சீட்டுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் பிரிக்கவில்லை.

"மஞ்சளா ஒரு லைட்டு எரியுது ஆத்தா. ரெண்டு நாளா அணையவே மாட்டேங்குது," என்றார்.

எந்த விளக்கு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

வண்டி வாங்கிய அன்றைக்கு வல்லத்திராக்கோட்டையிலிருந்து அவரும் மச்சான் நாகராசுவும் வந்திருந்தார்கள். வண்டியை எங்கெல்லாம் ஓட்டுவீர்கள் என்று கலைமதி கேட்டாள்.

"வீட்டுக்கும் வயலுக்கும்தான். அப்பறம் பால் சொசைட்டி. டவுனுக்கு பஸ்ஸுலதான் வருவேன். இங்க எங்கிட்டு நிப்பாட்டுறது?"

அவள் வேதியியல் படித்தவள். டீசல் புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்க இந்த வண்டிகளில் ஒரு வடிகட்டி உண்டு. சேர்ந்த கரி எரிந்துபோக வேண்டுமென்றால் புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு வண்டி வேகமாக, நெடுந்தூரம் ஓட வேண்டும். வயலுக்கும் வீட்டுக்கும் போய்வரப் பெட்ரோல் வண்டியே போதும். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நாகராசு முந்திக்கொண்டான்.

"டீசல எடுங்க மச்சான். பெட்ரோல் வண்டி தையல் மிசின் கணக்கா ஓடும். நீங்க வந்தது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது."

கண்ணுசாமி சிரித்தார். பக்கத்து மேசையிலிருந்து மேனேஜர் ரகுநாத் கலைமதியைப் பார்த்தார். ஷெட்டில் ஒரு டீசல் வண்டி வெகுநாளாக விற்காமல் நின்றது.

"டிராக்டர் மாதிரி தெனம் காலையில நின்ன எடத்துலயே பத்து நிமிசம் ஸ்டார்ட்டுல வச்சாப் போதும்ல ஆத்தா? நீ படிச்ச புள்ள, சொல்லு," என்றார் கண்ணுசாமி.

"ஆமாங்க," என்றாள் கலைமதி.

நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால்தான் கரி அதிகம் சேரும். தெரிந்தேதான் சொன்னாள். இல்லை என்று சொன்னால் மேலே நாலு வார்த்தை பேச வேண்டும், அத்தனை பேர் முன்னால்.

இப்போது சர்வீஸ் பிரிவின் சரவணக்குமார் வண்டியில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான்.

"ஃபில்டர் அடைச்சிருக்கு சார். நிக்க வச்சே ஓட்டியிருக்கீங்க. வாரண்டியில வராது. யார் இப்படிப் பண்ணச் சொன்னது?"

கண்ணுசாமியின் பார்வை கலைமதியிடம் வந்தது. ஒரு கணம்தான். பிறகு செருப்பைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான். டிராக்டர் ஓட்டுன புத்தி."

அவள் சொன்னதை அவர் மறக்கவில்லை. தவறாகப் பயன்படுத்தியது வாடிக்கையாளர்தான் என்று எழுதியிருந்த தாளைச் சரவணக்குமார் நீட்டினான். கண்ணுசாமி சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"நான்தான் சொன்னேன்," என்றாள் கலைமதி. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். "நான்தான் சொன்னேன். தப்புன்னு தெரிஞ்சே சொன்னேன். அய்யா, கையெழுத்துப் போடாதீங்க."

ரகுநாத் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கலைமதி, உள்ள வா."

"பச்சப்புள்ளய வையாதீங்க சார்," என்றார் கண்ணுசாமி.

அந்தப் பரிவுக்கு ரகுநாத் வைதிருந்தாலே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"மொதல்ல வண்டியப் பார்த்துடுறேன் சார்," என்று ரகுநாத்திடம் சொல்லிவிட்டு, சரவணக்குமாரிடம் திரும்பினாள். "வேகமா ஓட்டிப் பாத்தா கரி எரிஞ்சிடாதா?"

அவன் தாளை மடித்தான். "எரியலாம். திருச்சி ரோட்டுல அரை மணி நேரம், அறுபதுக்குக் கொறையாம ஓட்டச் சொல்லு."

கண்ணுசாமிக்குத் தனியாகப் போகத் தயக்கம். கலைமதி பக்கத்தில் ஏறிக்கொண்டு, வேகம் அறுபதுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்றாள். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டினார். அவள் வேகம் காட்டும் முள்ளையும் விளக்கையும் மாறிமாறிப் பார்த்தாள். கீரனூரை நெருங்கும்போது விளக்கு அணைந்தது.

"அணைஞ்சிருச்சு ஆத்தா!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "இனிமே அடிக்கடி இப்படி ஓட்டணுமோ?"

"வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓட்டணுங்க அய்யா."

"வாராவாரம் நான் எங்கிட்டுப் போறது?" என்றார். "அப்ப எனக்குப் பெட்ரோல் வண்டியே போதும்னு சொல்லு."

"போதுங்க அய்யா."

"அன்னைக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

அவர் இண்டிகேட்டரைப் போட்டு வண்டியைத் திருப்பினார். விளக்குதான் அணைந்துவிட்டதே, இனி மெதுவாகப் போகலாம் என்று அவள் சொல்லவில்லை. புதுக்கோட்டை வரும்வரை முள்ளை அறுபதுக்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்டினார், அவள் சொல்லியிருந்தபடியே.