ஓடாமல் வரச்சொல்லுங்கள்

தெரு நலச் சங்கத்துத் தலைவர் தன் வீட்டையே முதலில் பரிசோதனைக்குக் கொடுத்தார் என்றால் அதற்குத் தியாக உணர்ச்சி காரணமில்லை. நாலு வீடு தள்ளி ஒரு மதில் சரிந்து, கீழே நின்றிருந்த காரைத் தகடாக்கிவிட்டது. அடுத்த கூட்டத்திலேயே, தெருவிலுள்ள எல்லா வீடுகளையும் கட்டுமான இன்ஜினியரை வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தலைவர் தீர்மானம் கொண்டுவந்தார். ஒருத்தரும் கை தூக்கவில்லை. சொந்த வீட்டின் லட்சணத்தைத் தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை? தலைவர் எழுந்தார், கண்ணாடியைக் கழற்றினார், "முதல்ல என் வீடு" என்றார். கைதட்டல் கிளம்பியது. அது ஓய்வதற்குள் அவருக்குத் தன் படுக்கையறை ஞாபகம் வந்தது.

படுக்கையறைச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. மேலிருந்து கோணல்மாணலாக இறங்கும் வெடிப்பு. அதை மறைக்கத் தான் மைக் முன்னால் நிற்கும் போட்டோ ஒன்றை மாட்டியிருந்தார். வெடிப்பு வளர வளர, போட்டோவையும் பெரிதுபடுத்தி மாட்டிக்கொண்டே வந்தார். இப்போது அதில் அவர் முகம் ஆளுயரக் கதவில் பாதி இருந்தது. அந்த முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வருகிற ஆள் பார்த்துவிட்டால்? "இந்த வீட்ல இனி ஆள் இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டால்? தானும் மனைவியும் பெட்டியோடு நடுத்தெருவில் நிற்பதை நினைக்கும்போதெல்லாம், போட்டோ நேராக இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

வந்தது ஒரு பெண். தோளில் பை, கையில் சின்னச் சுத்தியல், டார்ச், சரிவு பார்க்கும் ரசமட்டம். தலைவர் போனில் படித்து எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். அஸ்திவாரம் கேட்டால் ஒரு பதில், கூரை கேட்டால் ஒரு பதில், ஈரம் கேட்டால் ஒரு சின்னச் சொற்பொழிவு. இன்ஜினியரம்மா எதையும் கேட்கவில்லை. சுவரைத் தட்டினார். காதைச் சாய்த்தார்.

"ம்" என்றார்.

தலைவருக்கு வேர்த்தது. ஒரு 'ம்'முக்கு எத்தனை அர்த்தம் உண்டு! சரி என்றும் சொல்லலாம், போச்சு என்றும் சொல்லலாம். ஹாலில் ஒரு 'ம்'. சமையலறை ஈரத்தில் கொஞ்சம் நீண்ட 'ம்ம்'. மாடிப்படிக்கு அடியில் கேள்வி மாதிரி ஒரு 'ம்?'. ஒவ்வொன்றுக்கும் தலைவரின் ரத்த அழுத்தம் ஒரு படி ஏறியது.

"இந்த வீட்டைக் கட்டும்போது ஒவ்வொரு செங்கல்லையும் நான் பக்கத்துல நின்னு பாத்தேன்மா" என்று ஆரம்பித்தார்.

"போட்டோவை எறக்கலாமா சார்?"

போட்டோ இறங்கியது. வெடிப்பு பல்லைக் காட்டியது. தலைவர் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இன்ஜினியரம்மா டார்ச் அடித்து, நகத்தால் சுரண்டி, சுத்தியலால் மெல்லத் தட்டி, "ம்" என்றார். பிறகு, "வெறும் பூச்சு வெடிப்பு சார். சுவர் நல்லாத்தான் இருக்கு. இதுக்கா இவ்ளோ பெரிய போட்டோ?"

தலைவருக்கு அந்த ஒரு நிமிஷத்தில் வயது குறைந்துபோயிற்று. முதுகு நிமிர்ந்தது, குரல் கூட்டத்துக் குரலாயிற்று.

"வாம்மா, இந்த வீட்டோட அழகைக் காட்டுறேன்" என்று மாடி முன்னறைக்குக் கூட்டிப்போனார்.

அழகு என்பது பால்கனி. கீழே ஒரு தூண்கூட இல்லாமல், சுவரிலிருந்து நீட்டிய நாக்கு மாதிரி தெருப் பக்கம் நீண்டிருக்கும் பால்கனி. தூண் வைக்கலாம் என்று கொத்தனார் சொன்னதற்கு, "தூண் வெச்சா கம்பீரம் போயிடும்" என்று தடுத்தவர் தலைவர். அதன் வெளி ஓரத்தில் இரண்டு சிமென்ட் சிங்கங்கள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. செய்தவர் சிங்கத்தைப் பார்த்ததில்லை போலும். இரண்டும் சளி பிடித்த நாய்கள் மாதிரி இருந்தன. அங்கே நின்றுதான் தலைவர் தெருவுக்கு அறிவிப்புகள் செய்வார்.

இப்போது அங்கே அவர் மனைவி போர்வைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நனைந்த போர்வை, பக்கத்தில் தண்ணீர் வாளி, தோளில் இன்னும் இரண்டு உருப்படி.

இன்ஜினியரம்மா பால்கனி வாசலைத் தாண்டவில்லை. கால் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார். தண்ணீர் போகும் துவாரம் சுவரோரம் காய்ந்து கிடந்தது. சிந்திய தண்ணீரெல்லாம் வெளி ஓரத்தில், சிங்கங்களின் காலடியில் தேங்கி நின்றது.

"தண்ணி எப்பவும் அங்கதான் போகுமா சார்?"

"முன்னாடி ஒழுங்காத்தான் போச்சு. டைல்ஸ் ஒட்டினவன் சொதப்பிட்டான்."

இன்ஜினியரம்மா குந்தி உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டி, ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். அதன் குமிழி மேடாகிவிட்ட சுவர்ப் பக்கமாக ஓடி ஒதுங்கியது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் கோடு மாதிரி ஓர் இடைவெளி. பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து அதற்குள் விட்டார். போயிற்று. இன்னும் போயிற்று.

தலைவர் 'ம்'முக்காகக் காத்திருந்தார். 'ம்' வரவில்லை.

"இந்தப் பிளவை அடைச்சிருக்கீங்களே?"

"வெள்ளை சிமென்ட் வெச்சேன். மறுபடி பிளக்குது. மறுபடி வெப்பேன்."

இன்ஜினியரம்மா எழுந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "சார், அம்மாவை உள்ள கூப்பிடுங்க. மெதுவா வரணும். ஓடாம வரச்சொல்லுங்க. நாம யாரும் வெளிய கால் வைக்க வேண்டாம்."

"ஏன்?"

"இதைத் தாங்குற கம்பி துருப்பிடிச்சு அறுந்துபோயிருக்கலாம். மொத்தமும் முன்னால சாஞ்சிட்டு இருக்கு."

தலைவர் பால்கனிப் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார், காற்று வந்தது, குரல் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது.

"ஏய், உள்ள வா!"

"வர்றேன், வர்றேன். இந்தப் போர்வையை யாரு காயப்போடுவா? உங்க சங்கமா?"

"நான் சொல்றேன்ல, வா!"

"தெருவுக்குச் சொல்லுங்க, கேக்கும்." அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதட்டினால் வரமாட்டாள், முப்பது வருஷமாக வந்ததில்லை. நெஞ்சு வலி என்று சொல்லலாம். சொன்னால் பறந்து வருவாள். ஒரு முறை தூக்கத்தில் அவர் இருமியதற்குக் கட்டிலைத் தாண்டிக் குதித்தவள். பறந்து வந்தால் போயிற்று. உண்மையைச் சொன்னாலும் ஓடித்தான் வருவாள். நுனி நாக்குக்கு வந்த வார்த்தையைத் தலைவர் விழுங்கினார்.

தரையில் எங்கோ 'டிக்' என்றது.

"கேட்டீங்களா? ஒரு வாரமா இப்படித்தான் சத்தம் போடுது. டைல்ஸா போட்டிருக்கான்?" என்றவள், காலைத் தூக்கி அந்த இடத்தில் ஓங்கி மிதித்துக் காட்டினாள்.

தலைவர் வாசலை நோக்கி ஓரடி வைத்தார். இன்ஜினியரம்மா அவர் கையை இறுகப் பிடித்து, "சும்மா பேசுங்க சார்" என்று முணுமுணுத்தார். "சாதாரணமா எதாவது."

சாதாரணமாக! மேடையில் தலைப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுகிற மனுஷனுக்கு, பெண்டாட்டியிடம் சாதாரணமாகப் பேச ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அவசரமில்லாமல், ஆனால் கட்டாயமாக, அவள் எதற்கு வருவாள்?

"சக்கரை டப்பா எங்க இருக்கு?" என்றார். "இந்தம்மாவுக்கு டீ போடணும்."

"நீங்களா?" அவள் சிரித்தாள். "ரெண்டாவது தட்டுல இருக்கு."

"இல்லையே."

"கண்ணைத் தொறந்து பாருங்க."

"பாத்தாச்சு. இல்லை."

அவள் பெருமூச்சு விட்டாள். கடைசிப் போர்வையை உதறினாள். ஒவ்வோர் உதறலுக்கும் தலைவர் சிங்கங்களைப் பார்த்தார். அதைக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துவிட்டு, கிளிப் மாட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர் அவசரப்படுகிறார் என்று தெரிந்தே, வேண்டுமென்றே மெதுவாக. அந்தப் பாதங்களைத் தலைவர் இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை. ஒன்று. இன்னொன்று. ஈரத் தரையில் கொஞ்சம் வழுக்கி, சமாளித்து, இன்னொன்று.

பாதியில் நின்றாள்.

"ஆமா, நீங்க இங்கயே நிக்கிறீங்க. சமையல்கட்டுக்கே போகாம எப்படிப் பாத்தீங்க?"

வாளியை 'தொம்' என்று கீழே வைத்து இடுப்பில் கை வைத்தாள். 'டிக்' என்றது. 'டிக்' என்று மறுபடியும். ஸ்கேல் நுழைந்த பிளவு லேசாக வாய் திறப்பது மாதிரி தலைவருக்குத் தெரிந்தது. நிஜமாகவா, பயத்திலா, தெரியவில்லை.

"போகலை" என்றார். குரல் கெஞ்சியது. "பொய் சொன்னேன். கிட்ட வந்து திட்டு. அங்கிருந்து திட்டினா தெருவுல எல்லாருக்கும் கேக்கும்."

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. "மானம் மரியாதை மட்டும் வேணும்" என்று முனகிக்கொண்டு, வாளியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். வாசலில் கால் பட்டதும் தலைவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். இன்ஜினியரம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"கீழ யாரும் நிக்காம நான் பாத்துக்கறேன். முட்டுக் குடுக்க ஆள் வர்ற வரைக்கும் இந்தக் கதவைத் தொறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார். இறங்கும்போதே போனில் யாரிடமோ இரும்பு முட்டுகள், உடனே, உடனே என்று சொல்வது கேட்டது.

"என்னங்க இது? கையை விடுங்க. என்ன ஆச்சு?"

தலைவர் சொன்னார். கம்பி, துரு, சாய்வு. குட்டிக் குட்டி வார்த்தைகளாக, முன்னுரை இல்லாமல்.

அவள் கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். தான் நின்ற இடத்தில் ஈரக் கால்தடங்கள் இன்னும் காயவில்லை. "முந்தாநாள் உங்க சங்கத்து ஆளுங்க அத்தனை பேரும் அங்க நின்னுதானே போட்டோ எடுத்தாங்க" என்றாள். "பக்கத்து வீட்டுக் குழந்தையை நான் அங்கதான் வெச்சு விளையாட்டுக் காட்டுவேன்."

தலைவர் தாழ்ப்பாளை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

காற்று வந்தது. போர்வைகள் உப்பி, கொடியை இழுத்து, தளர்ந்தன. கதவுக்கு அப்பால் 'டிக்' என்றது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த காற்றுக்குப் போர்வைகள் மறுபடி உப்பின.

"திட்டேன்" என்றார் தலைவர், மெல்ல.

"சக்கரை ரெண்டாவது தட்டுலதான் இருக்கு" என்றாள் அவள். அவர் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொள்ளவில்லை.