இறக்கத்தில் தீரும் காற்று

முதுகுச் சிலிண்டரின் காற்றைக் காட்டும் மீட்டர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியபோதுதான், முக்குளித்துத் தேடிய கோகிலவாணியின் விளக்கொளியில் அந்த நீலச் சட்டை தெரிந்தது. தண்ணீர் நிறைந்த, கைவிட்ட கல்குழியின் அடியில், பாறை இடுக்கில், இன்னும் இரண்டாள் ஆழத்தில். மிளகுக் கொடிக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் இறக்கப்போய் நேற்று வழுக்கி விழுந்த சுரேந்தர். கரையில் அவன் அம்மா மாராயி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

உடன் இறங்கிய யுவராஜ் கீழே கைகாட்டினான். அவள் அவனுடைய மீட்டரையும் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலே போகலாம் என்று கட்டைவிரலைத் தூக்கினாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவன் தோள்வாரைப் பிடித்தாள், விடவில்லை. அவளுடைய கால்களுமே கீழே போகத்தான் துடித்தன. கண்டதை விட்டுப் போவது திருட்டைப்போல உறுத்தியது. ஆனாலும் கயிற்றைப் பற்றி மெல்ல ஏறினாள். ஆழத்தின் அழுத்தம் உடம்பைவிட்டு இறங்கப் பாதியில் நின்றபோதும் அவன்மேல் இருந்த பிடி தளரவில்லை.

கரையேறியதும் யுவராஜ் முகமூடியைக் கழற்றி வீசினான்.

“எட்டிப் புடிச்சிருக்கலாங்க்கா! பெட்ரோல் தீந்தாலும் வண்டிய நியூட்ரல்ல போட்டு மலையடி காரவள்ளி வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போறதில்லையா நாம?”

“ரோட்டுல எறக்கம் சும்மாடா. தண்ணிக்குள்ள எறங்க எறங்கத்தான் காத்தத் தின்னும். அப்பறம் அவனையும் தூக்கிக்கிட்டு ஏறணும்.”

“அடுப்பு சிலிண்டராட்டம் பாதி சமையல்ல தீந்துபோச்சாக்கும்,” என்றார் கூட்டத்தில் நின்ற சின்னுசாமி.

மாராயி எழுந்து வந்தாள்.

“கண்டியா, கண்ணு?”

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்குவரை வந்தது.

“கண்டேனுங்க.”

“அப்பறம் ஏஞ்சாமி உட்டுட்டு வந்த?”

“இருந்த காத்து நாங்க திரும்பறதுக்குத்தானுங்க இருந்துச்சு.”

கோகிலவாணி புது சிலிண்டரை மாட்டித் திறந்தாள். முள் விருட்டென்று ஏறி நின்றது. மாராயி குனிந்து மீட்டர் கண்ணாடியைப் பார்த்தாள்.

“இது எங்க வந்தா நீ மேல வருவ?”

கோகிலவாணி விரலால் தொட்டுக் காட்டினாள்.

“அவனுக்கு இனி அவசரமில்ல கண்ணு,” என்றாள் மாராயி. வெடித்துக் கறுத்த தன் கட்டைவிரலை அதே இடத்தில் வைத்து அழுத்தினாள். அவளாக விரலை எடுக்கட்டும் என்று கோகிலவாணி தண்ணீரோரம் காத்து நின்றாள்.