சத்தம் போடும் துணி

...பை மட்டும் அசையக் கூடாது, கால் மரத்துப் போனாலும் போகட்டும், இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்தது அப்படியே இருக்கட்டும், உள்ளே மடித்து வைத்திருக்கிற துணி லேசாக உரசினாலே காய்ந்த பனையோலை மாதிரி சரசரக்கிறது. பனியன் துணியில் இந்தத் தொல்லை உண்டா, ஆள் உயரத்துக்கு அடுக்கினாலும் வாயைத் திறக்காது, என் ஆயுசு அந்த ஊமைத் துணியோடு மரியாதையாகப் போய்விட்டது, கடைசியில் பேசுகிற துணியைத் தூக்கிக்கொண்டு அர்த்தநாரியின் தையல் மிஷின் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், எதிர் நாற்காலியில் யார் என்றால் பங்காளி ஆறுமுகசாமி, அவனும் பனியன் கம்பெனிக்காரன்தான். நான் வரும்போதே இருந்தான், மடியில் ஒரு மஞ்சள் பை, காப்பி குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறானோ? யாராவது சொல்லிவிட்டார்களோ?

இந்த ஊரில் மிஷின் வாங்குகிறவன் தன் துணியைக் கொண்டுவந்து தைத்துப் பார்த்துத்தான் வாங்குவான், அதனால் இந்தக் கடையில் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும், எந்தக் கம்பெனியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். என் பையைத் திறந்தால் தெரியப்போவது படகுப் பாய். அமெரிக்காக்காரன் ஆர்டரை நிறுத்தியதிலிருந்து நெருப்பெரிச்சலில் இருக்கிற எங்கள் பனியன் கம்பெனியில் பாதி மிஷினுக்கு உறை போட்டாயிற்று, கொச்சியில் ஒரு படகு கிளப்புக்குப் பாயும் மூடுதுணியும் வேண்டுமாம், மகன் தரணீதரன் பேசி வைத்துவிட்டான், சாம்பிள் திங்கட்கிழமை போக வேண்டும், அதற்கு மிஷின் இன்றைக்கே வேண்டும். மிஷின் வாங்குவது என் வேலை, நீ இரு என்று சொல்லிவிட்டு வந்தேன். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றும் ஒரு எண்ணம், ஏனென்றால் பேத்தி வர்ஷினிக்குப் பேசிக்கொண்டிருக்கிற இடம் இந்த ஆறுமுகசாமியின் பெண்டாட்டிக்குத் தாய்வீட்டு வகை, எக்ஸ்போர்ட் வீடு என்றுதான் பெண் கேட்டு வந்தார்கள், வெள்ளியங்கிரியண்ணன் வீட்டில் இப்போது தார்ப்பாய் தைக்கிறார்கள் என்று இவன் ஒரு போன் போட்டால் போதாதா? நிச்சயத்துக்கு முன்னால் அந்தப் பேச்சு நின்றுபோனால் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவேன்?

"ஏனுங்கண்ணா, ஓவர்லாக்குங்களா, பேட்லாக்குங்களா?" அவன்தான், இரண்டுமே பனியன் தைக்கிற மிஷின். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். "ஆர்டரே இல்லாத காலத்துல சும்மா மிஷின் பாக்கறதுக்கும் ஒரு தெம்பு வேணுமுங்க." குத்துகிறான். "இருக்கறவன் பாக்கறான் தம்பி. நீ எதுக்கு வந்தெ?" "அர்த்தநாரி ஊட்டுக் காப்பி நல்லா இருக்குமுங்க." அர்த்தநாரி இரண்டு பேருக்கும் பொதுவாகச் சிரித்து வைத்தான். மூலையில் கனத்த துணிக்கான மிஷின் இரண்டு நிற்கின்றன, வந்ததும் பார்த்துவிட்டேன். தரணி படித்துப் படித்துச் சொன்னான், அப்பா, துணிய அமுக்கற மேல் பாதமும் துணியோட சேர்ந்து நடக்கோணும், இல்லீன்னா மேல்துணி பின்தங்கிச் சுருக்கு விழும், தையல் ஜிக்ஜாக்கா, வளைஞ்சு வளைஞ்சு விழோணும், காத்து இழுக்கறப்ப அந்தத் துணி இழுபடாது, தையல்தான் இழுபட்டுக் கொடுக்கோணும். இது என்ன நியாயம், பனியனில் துணியும் இழுபடும், தையலும் கூடவே போகும், இங்கே விறைத்துக்கொண்டு நிற்கிற துணிக்காகத் தையல் வளைந்து போக வேண்டுமாம். அந்த இரண்டில் ஜிக்ஜாக் மிஷினுக்குக் கை நீளம் போதாது, ஊசிக்குப் பக்கத்து இடைவெளி குறைச்சல், சுருட்டிய பாய் உள்ளே நுழையுமா? நீளக் கை உள்ளது நேர்த்தையல் மட்டும் போடும். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா, பையைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்... திறந்தால்.

எழுந்தேன், பையை நாற்காலிக்கு அடியிலேயே விட்டுவிட்டு நடந்தேன். "அய்யா, அது உங்களுக்கு ஆகாதுங்க, தார்ப்பாய்க்காரங்க வாங்கறதுங்க" என்று அர்த்தநாரி பின்னாலேயே வந்தான், அந்த வார்த்தையை அவன் சொன்ன விதம்! "பாக்கறதுல என்ன" என்று சொல்லி, கிடந்த பனியன் துண்டு ஒன்றை எடுத்து ஜிக்ஜாக் மிஷினில் கொடுத்து ஓட்டினேன், எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், பழக்கம், துணி இழுபட்டது, தையலும் இழுபட்டது, நல்லா இருக்குது என்றேன். எது நல்லா இருக்கிறது? பாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சட்டைப்பையில் செல் அதிர்கிறது, தரணியாகத்தான் இருக்கும், வாங்கியாச்சுங்களா என்பான், என்ன சொல்வேன்?

அப்போதுதான் கேட்டது, சரசர. போச்சு, பை சாய்ந்துவிட்டது என்று திரும்பினேன், நாற்காலிக்கு அடியில் என் பை வைத்தது வைத்தபடி இருக்கிறது, பக்கத்தில் காற்றாடிகூட இல்லை. ஆறுமுகசாமி மடியிலிருந்த மஞ்சள் பையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கிறான், பார்க்க அங்கே ஒன்றுமில்லை. கொச்சிக்காரன் இன்னும் யார் யாரிடம் கேட்டிருக்கிறான்? "நீங்க பாத்துட்டுப் போங்கண்ணா, எனக்கு அவசரமில்லீங்க" என்றான், திரும்பாமலே. எனக்கும் அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன். அர்த்தநாரி மறுபடி காப்பிக்குச் சொல்லுகிறான். இவனும் போன் போட மாட்டான், நானும் போட மாட்டேன், அதற்காக மூச்சு விடலாம் என்றால், கடையில் ஜிக்ஜாக் மிஷின் அது ஒன்றுதான் இருக்கிறது, முதலில் பையைத் திறக்கிறவனுக்கு அது, என் கை பையின் வாய் வரைக்கும் போகிறது... அவன் கையும்தான்.