துரைசாணி கேட்ட மாமூல்

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில், சிமெண்டு கலக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள யென்ஸ் என்ற டென்மார்க்காரன் அங்கே வேலைக்கு வந்தான். மனைவி இங்காவும் கூட வந்தாள். தங்கள் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு சக்கரமும் உட்காரத் தொட்டியும் இணைத்த வண்டி அது. ஒருவர் ஓட்டினால் மற்றவர் தொட்டியில் வருவார். பெரும்பாலும் ஓட்டியவள் இங்காதான். யென்ஸுக்கு அதில் வருத்தமில்லை. தொட்டியில் சாய்ந்து தூங்க அவனுக்குப் பிடிக்கும்.

அணை முகாமின் இங்கிலீஷ் அதிகாரிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டாடினார்கள். இவர்களுக்குச் சீட்டும் பிடிக்காது, இங்கிலீஷும் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் ஞாயிறு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அப்படிச் சுற்றிய ஒரு நாள், சங்ககிரிக்குத் தெற்கே ஒரு கிணற்றடியில் சில ஆட்கள் புது எண்ணெய் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றார்கள். யென்ஸ் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினான். எஞ்சின் ஓடி, வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்ததும், நிலத்துக்காரர் சென்னிமலை இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். கிளம்பும்போது அவர் மனைவி சௌந்திரம் இங்காவின் கையை விடவில்லை.

"அடுத்த வாரமும் வந்தரோணும் அம்மிணி" என்றாள்.

அது முதல் ஞாயிறுதோறும் அந்தத் தோட்டத்துக்குத்தான் பயணம். முகாமில் கல் சுமக்கும் பெண்களிடம் இங்கா கொஞ்சம் தமிழ் பிடித்திருந்தாள். சௌந்திரத்தோடு பழகப் பழக அது வளர்ந்தது. வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை, அவற்றைக் கோக்கத்தான் தெரியவில்லை.

வழியில் கள்ளிமேடு என்ற இடத்தில் ஒரு போலீஸ் சாவடி இருந்தது. முன்னால் ஒரு பெஞ்சு, சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில். ஏட்டு அருணகிரி மூங்கிலைத் தூக்கச் சொன்னால்தான் எந்த வண்டியும் போகலாம். பருத்தி ஏற்றியவர்களும் கடலை ஏற்றியவர்களும் சந்தைக் கூடைக்காரிகளும் எதையாவது கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

மோட்டார் சைக்கிளை முதல் தடவை பார்த்தபோது அருணகிரி விறைத்து நின்று சலாம் போட்டார். பிறகு மேட்டூர் பக்கமிருந்து வந்த வண்டிக்காரர்களிடம் விசாரித்தார். இவர்கள் நாட்டை ஆளுகிற வெள்ளைக்காரர்கள் இல்லை, எங்கோ ஒரு சின்ன தேசத்துக்காரர்கள் என்று தெரிந்தது. அடுத்த ஞாயிறு மூங்கில் உயரவில்லை.

"நம்பர் பலகை தூசி மூடிக் கெடக்குது. லைசென்ஸ் எங்கீங்க தொரை? பொம்பளையாளு வண்டி ஓட்ட உத்தரவு இருக்குதுங்களா?"

இங்கா லைசென்ஸை நீட்டினாள். அவர் அதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது மெட்ராஸ்ல எழுதுனதுங்க. கள்ளிமேட்டுல செல்லாதுங்க" என்றார். சொல்லிவிட்டு உள்ளங்கையை மேல் பக்கமாக விரித்து வைத்துக்கொண்டார். பாதை வரி போலிருக்கிறது என்று நினைத்து யென்ஸ் அதில் அரை ரூபாய் வைத்தான். மூங்கில் உயர்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கதைதான்.

ஒரு நாள் சாப்பிடும்போது இங்கா அதைப் பற்றிச் சென்னிமலையிடம் கேட்டாள். அவர் நெளிந்தார்.

"அது வரி இல்லீங்க அம்மிணி. மாமூலுங்க."

"மாமூல் என்ன?"

"வழக்கமுங்க. சாவடியில நிறுத்துனாக் குடுத்துப்போட்டுப் போறது வழக்கம்."

"வழக்கம் யார் போட்டது?"

சென்னிமலை யோசித்துப் பார்த்தார். "ஆரும் போடலீங்க. அதுபாட்டுக்கு இருக்குதுங்க."

சௌந்திரம் குழம்புச் சட்டியை டொக்கென்று கீழே வைத்தாள். "வழக்கமாம் வழக்கம்! எங்கம்மா ஊட்டுக்குக் குடுத்தனுப்பின செஞ்சேவலைப் புடுங்கிக்கிட்டானே அந்த ஆளு, அதுவும் வழக்கமா? அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கலே."

அன்று மாலை முகாமில் வண்டியை நிறுத்தியதும் இங்கா யென்ஸ் பக்கம் திரும்பினாள். நம் ஊரிலும் ஒரு வழக்கம் உண்டு, வழிப்போக்கனை யார் நிறுத்துகிறாரோ அவர்தான் அவனுக்குச் சாப்பாடு போடவேண்டும் என்றாள். அப்படி ஒரு வழக்கத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றான் யென்ஸ்.

"இன்றைக்குத்தான் உண்டாயிற்று" என்றாள் இங்கா.

அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பி, உச்சிப்பொழுதுக்குக் கள்ளிமேட்டுக்கு வந்தார்கள். அருணகிரி கையை உயர்த்தி நிறுத்தினார். இங்கா எஞ்சினை அணைத்தாள். இறங்கிப் போய் வணக்கம் சொல்லி, கேட்பதற்கு முன்பே அரை ரூபாயை அவர் கையில் வைத்தாள்.

"உங்க மாமூல்" என்றாள். பிறகு சாவடிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "இப்ப எங்க மாமூல். எங்க ஊர்ல நிறுத்தற ஆள் சோறு போடோணும்."

யென்ஸும் தொட்டியிலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். வெள்ளைக்காரர்களைப் பெஞ்சிலிருந்து எழுப்பி விரட்டும் தைரியம் அருணகிரிக்குக் கிடையாது. வரிசையில் நின்றிருந்த வண்டிக்காரர்கள் மாடுகளை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

அந்த நேரத்துக்குத்தான் ஏட்டின் மனைவி குப்பாயி தலையில் சோற்றுக் கூடையோடு வந்து சேர்ந்தாள். பெஞ்சில் இரண்டு வெள்ளை முகங்களைக் கண்டதும் திகைத்து நின்றாள்.

"ஆருங்க இவங்க?"

"பசி" என்றாள் இங்கா, வயிற்றைத் தொட்டுக் காட்டி.

குப்பாயிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. "அட சாமி, வேகாத வெயில்ல வந்திருக்கீங்களே" என்று கூடையை இறக்கி, கம்மஞ்சோற்றையும் கொள்ளுப் பருப்பையும் இலையில் வைத்தாள். ஏட்டுக்கு வந்த சோறு முழுவதும் இரண்டு இலைகளில் போய்விட்டது. யென்ஸ் பருப்பை இன்னொரு தடவை கேட்டு வாங்கினான். கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டுவதை அருணகிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குப்பாயி மோர் ஊற்றிக்கொண்டே, இந்தப் பக்கம் எதற்காக வந்தார்கள் என்று கேட்டாள். இங்கா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"சென்னிமலை தோட்டம் போறோம். உங்க ஊட்டுக்காரர் நிறுத்துவார். காசு வாங்குவார். எல்லா ஞாயிறும். எல்லா வண்டியும். அந்த வீட்டுச் சேவலும் வாங்கினார். செஞ்சேவல்."

குப்பாயியின் கையிலிருந்த மோர்ச் சொம்பு அந்தரத்தில் நின்றது.

"ஏனுங்க, சர்க்கார்ல படி குடுக்கறாங்கன்னுதானே மாசாமாசம் சொன்னீங்க? அந்தச் சேவலைத் தாலுக்கா கச்சேரி ஏலத்துல எடுத்தேன்னு சொன்னீங்களே?"

அருணகிரி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு முந்தி இருந்த ஏட்டு வாங்குனாரு. அவருக்கு முந்தி இருந்தவரும் வாங்குனாரு. நானா புதுசாப் பண்றேன்?"

"அவங்க சம்சாரத்துக்கிட்டயும் பொய்தான் சொன்னாங்களா?"

பருத்தி வண்டிக்காரன் செல்லமுத்து கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான். முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு, "ஏனுங்க ஏட்டய்யா, எங்களையுந்தான் வாராவாரம் நிறுத்தறீங்க. எங்களுக்கும் பசிக்குதுங்களே" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. குப்பாயிக்கும் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அருணகிரி எல்லோரையும் ஒரு தடவை முறைத்துப் பார்த்துவிட்டு, தானே போய் மூங்கிலைத் தூக்கிப் பிடித்தார். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அன்று ஏட்டு பட்டினிதான்.

அடுத்த வாரம் குப்பாயி சாவடியில் முன்கூட்டியே வந்து காத்திருந்தாள். ஒரு கூடையில் சோறு, இன்னொரு கூடையில் செஞ்சேவல். அது குழம்பில் வேகாமல் தப்பியிருந்தது. அதன் அழகைப் பார்த்து அவளே வளர்த்துவந்திருக்கிறாள். சேவலை யென்ஸ் மடியில் வைத்துக்கொண்டு தொட்டியில் போனான். தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அவன் சட்டைப் பொத்தான்களைக் கொத்திப் பிய்த்துவிட்டது. சௌந்திரம் வாசலிலிருந்து ஓடிவந்து சேவலைக் கட்டிக்கொண்டாள். "உம்பட கால்ல உழுவோணும் அம்மிணி" என்று இங்காவிடம் சொன்னாளே தவிர, சேவலைக் கீழே விடவில்லை.

அருணகிரி ஒரேயடியாகத் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. வெள்ளரிப்பிஞ்சு வண்டி வந்தால் கை தானாக நீளும். ஆனால் குப்பாயி எந்த நேரத்தில் வந்து நிற்பாள் என்று தெரியாததால் காசு வாங்குவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூங்கில் காலையிலேயே உயர்ந்துவிடும். இருந்தாலும் இங்கா வண்டியை நிறுத்துவாள், குப்பாயி இலை போடுவாள். இப்போது சோறு நாலு பேருக்கு வந்தது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்ட அருணகிரி, யென்ஸ் ஒரு நாள் சாவடியின் ஒழுகும் கூரையில் ஏறி ஓடுகளை அடுக்கிக் கொடுத்த பிறகு, தன் பங்குப் பருப்பையும் அவன் பக்கம் தள்ளிவைக்க ஆரம்பித்தார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிறு, குப்பாயி தொட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள குந்துனா எப்படி இருக்குமுங்க?" என்று கேட்டாள்.

"ஏறுங்க" என்றாள் இங்கா.

"அதெல்லாம் வேண்டாம், ஊரு சிரிக்கும்" என்றார் அருணகிரி.

"ஊரு அன்னைக்கே சிரிச்சாச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் குப்பாயி ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வண்டி உறுமிப் புறப்பட்டது. முதலில் ஐயோ என்று ஒரு கூச்சல் கேட்டது. பிறகு அது சிரிப்பாக மாறி, சங்ககிரி மலைப் பக்கமாகத் தேய்ந்துகொண்டே போனது. யென்ஸ் பெஞ்சில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மலைப் பக்கமிருந்து உறுமல் மறுபடி நெருங்கி வந்தது. எதிரே கடலை வண்டிகள் வருவதைப் பார்த்த அருணகிரி சாலை நடுவே ஓடி நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

"ஓரமா நிறுத்துங்கடா! எங்க ஊட்டுக்காரி திரும்பி வாரா!"