கருந்துளைக்கு என்ன ஆகும்?

என் மனைவி திலகவதிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு, ஆன்லைனில். கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி நிழலில் அவளை உட்காரவைத்து, என் செல்போனிலிருந்து நெட் கொடுத்தபடி கேமராவில் படாமல் நின்றேன். பூ கமிஷன் கடைக்கு அன்று லீவு. பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

எட்டு வருஷப் படிப்பு. விடியுமுன் சமையல், பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம், வந்ததும் மறுபடி அடுப்படி, அதெல்லாம் முடிந்த பின்தான் அவளுடைய கருந்துளை ஆராய்ச்சி. அன்று கோட்டைவிட்டால் இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

ஒரு வாரமாக என்னிடம் தமிழில் சொல்லிப் பார்த்தாள். "உள்ள விழுந்தது திரும்ப வராதுங்க. சுத்தி வர்ற வாயுவுல கொஞ்சம் விழாம தப்பிச்சு, மேலயும் கீழயும் பீய்ச்சிக்கிட்டுப் போவுது. அதான் ஜெட்டு." அதற்குமேல் நான் கேட்டதில்லை. தூங்கிவிடுவேன்.

தேர்வாளர் அதைத்தான் கேட்டார். ஜெட்டுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது?

திலகாவுக்குக் கண் சொருகியது. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன். குடித்துவிட்டுச் சொன்னாள்: கருந்துளையின் சுழற்சியிலிருந்து வரலாம். சுழலும்போது அது காந்தக்கோடுகளை முறுக்குகிறது, அந்த முறுக்கம் ஜெட்டைத் தள்ளுகிறது.

"அப்போது கருந்துளைக்கு என்ன ஆகும்?"

"ஸ்லோ டவுன் ஆகும் சார். கொஞ்சம் கொஞ்சமாக. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜெட்தான் தெரியும்."

அவர்களுடைய ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்காது. இது விளங்கியது.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சொல்லி வாழ்த்தினார்கள். திரை அணைந்தது.

"அப்பாடா! ஒரு காபி போடு திலகா," என்றேன்.

அவள் எழுந்தாள். மாடிப்படிக்கு வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். எனக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

"நீ போயி உக்காருத்தா. நான் போடுறேன்."

"ஒங்களுக்குத் தெரியாதுங்க."

"காபி போடத் தெரியாதா எனக்கு?" கோபம் வேறு வந்தது.

பால் காய்ந்தது. காபித்தூளும் கிடைத்தது. சர்க்கரையைத்தான் காணோம். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன், பருப்பும் மிளகாயுமாக வந்தது. கேட்கலாமென்று மாடிக்குப் போனால், நாற்காலியில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுப்ப மனம் வரவில்லை. சர்க்கரை இல்லாத காபியை நானே நின்றபடி குடித்தேன். கல்யாணமாகிப் பத்து வருஷமாக இது என் வீடும்தான்.